வேலைக்கு ஆள் சேர்க்கும் முன்: யார், என்ன வயது, என்ன சான்று?



நம் குழுக்கள் தொடங்கிய காலத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் இவற்றைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தில் பாடம் எழுதி வந்தோம். வேலைக்கு ஆள் வைப்பது என்ற கேள்வியே அப்போது எழவில்லை. நாமே கூலிக்குப் போகிறவர்கள், நமக்கு எதற்கு ஆள் என்று இருந்தோம். இன்று மசாலா யூனிட், தையல் யூனிட், தென்னை நார் யூனிட், லோடு ஆட்டோ என்று குழுக்கள் நடத்தும் தொழில்களில் உறுப்பினர் அல்லாதவர்களும் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம்தான் முதலாளி. "நாங்க என்ன முதலாளியா?" என்று அக்காமார்கள் சிரிக்கிறீர்கள். சட்டத்தின் பார்வையில் அதுதான் உண்மை.

ஆகவே இந்த மாதப் பாடம் இதுதான். புதிதாக ஒருவரை வேலைக்குச் சேர்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்கத் தேவையில்லை, எதை நம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது?

நடந்த சம்பவம்

குழுவின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம். அந்தக் குழுவினர் "எழுதுங்க, மத்தவங்களாவது தெரிஞ்சுக்கட்டும்" என்று சொன்ன பிறகே எழுதுகிறோம்.

மசாலா யூனிட் நடத்தும் குழு அது. பங்குனித் திருவிழா சமயம், மிளகாய்த்தூளுக்கு ஆர்டர் நிறைய வந்துவிட்டது. கூட ஒரு ஆள் தேவைப்பட்டது. உறுப்பினர் ஒருவர் தன் நாத்தனார் மகளைக் கூட்டி வந்தார். "நம்ம வீட்டுப் புள்ளதான்க்கா. பதினெட்டு முடிஞ்சிருச்சு. வீட்டுல சும்மாதான் இருக்கு" என்றார். மறுநாளே அந்தப் பெண் வேலைக்கு வந்துவிட்டாள். ஆதார் ஜெராக்ஸ் ஒன்று வாங்கி ஃபைலில் வைத்தார்கள். அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. தீர்மான நோட்டில் "ஒரு ஆள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது" என்று ஒரே ஒரு வரி. பெயர் இல்லை, வயது இல்லை, சம்பளம் இல்லை.

முதலில் பாக்கெட் போடும் வேலைதான் கொடுத்தார்கள். நாலாவது வாரம் அரவை இயந்திரத்தில் நிற்கும் அக்கா லீவு. இந்தப் பெண்ணை நிறுத்தினார்கள். பெல்ட்டில் கை மாட்டி, வலது கை ஆள்காட்டி விரல் நுனி நசுங்கிவிட்டது.

அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும், வயது என்ன என்று டாக்டர் கேட்டார். அத்தை பதினெட்டு என்றார். வலியில் இருந்த பிள்ளை, "ஒம்போதாவது முடிச்சுட்டு போன வருஷம்தான் நின்னேன். எனக்குப் பதினஞ்சு" என்று சொல்லிவிட்டாள். டாக்டர் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். அவர் செய்தது சரிதான். 1098 சைல்டு லைனிலிருந்து ஆள் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் பதினைந்து வயது நாலு மாதம்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஆஸ்பத்திரிச் செலவு, தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அலைச்சல், இரண்டு மாதம் யூனிட் மூடல், கையிலிருந்த ஆர்டர் வேறு இடத்துக்குப் போனது. கூட்டி வந்த உறுப்பினரும் ஊக்குநரும் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நாங்களும் இதில் குற்றவாளிகள்தான். அந்த மாதம் அந்த யூனிட்டுக்கு இரண்டு முறை போயிருந்தோம். அந்தப் பிள்ளை பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். "யாருக்கா இந்தப் பொண்ணு?" என்று கேட்டோம். "சொந்தக்காரப் பொண்ணு" என்றார்கள். சரி என்று கணக்கு நோட்டைப் பார்க்க உட்கார்ந்துவிட்டோம். அன்றைக்கே இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த விரல் பிழைத்திருக்கும்.

ஆதாரில் பிறந்த தேதி இருக்கிறதே?

இந்தச் சம்பவத்தில் ஆதார் ஜெராக்ஸ் ஃபைலில் இருந்தது என்று சொன்னோம் அல்லவா? அதில் பிறந்த தேதி ஜனவரி 1. வருடத்தைக் கணக்குப் போட்டால் பதினெட்டு வரும். உங்கள் வீட்டு அட்டைகளையும் எடுத்துப் பாருங்கள். எத்தனை பேருக்கு 01/01 என்று இருக்கிறது? ஆதார் எடுக்கும்போது பிறப்புச் சான்று கொண்டு போகாதவர்களுக்கு, வாயால் சொன்ன வயதை வைத்துப் பதிந்திருக்கிறார்கள். ஜனவரி 1 என்று பார்த்தாலே, வேறு சான்று கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது எங்கள் சொந்தக் கருத்து அல்ல. வருங்கால வைப்பு நிதி நிறுவனம், அதாவது பி.எஃப். அலுவலகம், பிறந்த தேதிக்கான சான்றுகளின் பட்டியலிலிருந்து ஆதாரை 2024 ஜனவரியில் நீக்கிவிட்டது. 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும், வயதுக்கு ஆதாரை விடப் பள்ளி விடுப்புச் சான்றிதழையே ஏற்றுக்கொண்டது. ஆதார் இவர் இன்னார் என்று காட்டுகிறது. வயதுக்கு அதை மட்டும் நம்பக் கூடாது.

வயதுக்குப் பார்க்க வேண்டியவை பிறப்புச் சான்றிதழ், பள்ளி டி.சி., பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். இவற்றில் ஏதாவது ஒன்று போதும். எதுவுமே இல்லை என்றால் படித்த பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். இரண்டாம் வகுப்போடு நின்றிருந்தாலும் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். நாற்பது வயது அக்காவிடம் போய் டி.சி. கேட்டு நிற்க வேண்டாம். பார்த்தாலே இருபதுகளில் இருப்பார் போலத் தெரிந்தால் கட்டாயம் கேளுங்கள்.

சட்டம் சொல்வது

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. 2016-ல் திருத்தினார்கள். அதன்படி 14 வயது முடியாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக, தன் குடும்பத் தொழிலில் ஆபத்தில்லாத வேலையில் உதவலாம் என்று ஒரு விலக்கு உண்டு. குழு யூனிட் பல குடும்பங்கள் சேர்ந்து நடத்துவது, அந்த விலக்கை நம்பி இறங்காதீர்கள்.

14 முடிந்து 18 முடியாதவர்களைச் சட்டம் வளரிளம் பருவத்தினர் என்கிறது. சுரங்கம், வெடிபொருள், தீப்பற்றும் பொருள், இன்னும் அபாயகரமான பல வேலைகளில் இவர்களை வைக்கவே கூடாது. மற்ற வேலைகளில் வைத்தால் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் ஒரு மணி நேர ஓய்வு, ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான், இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை கூடாது, ஓவர்டைம் கூடாது, தனிப் பதிவேடு வேண்டும், ஆய்வாளருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். 14 வயது முடியாத பிள்ளையை வேலைக்கு வைத்தாலோ, வளரிளம் பருவத்தினரை அபாயகரமான வேலையில் வைத்தாலோ ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இத்தனை விதிகளையும் நம் யூனிட்டுகளில் கடைப்பிடிக்க முடியுமா? முடியாது என்பது எங்கள் அனுபவம். ஆர்டர் நாளில் ஆறு மணி நேரத்தோடு யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். ஆகவே கூட்டமைப்பு செயற்குழுவில் பேசி, 18 முடியாதவர்களை எந்த யூனிட்டிலும் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

இதற்கு ஒரு அக்கா எழுந்து சொன்ன ஆட்சேபம் நியாயமானது. "படிப்பு வேணாம்னு நின்ன புள்ளைய நாம சேக்கலேன்னா மில்லுக்குத்தான அனுப்புவாங்க? நம்ம கண்ணு முன்னால இருந்தா பத்திரமாவாவது இருக்கும்ல?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் உடனே பதில் இல்லை. பிறகுதான் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் விசாரித்தோம். அப்பா இல்லை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர், அதுவும் வருடம் முழுக்கக் கிடைக்காது. கந்துவட்டிக் கடன் வேறு. அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது ஒரு சம்பளம். அதைப் பிள்ளைதான் கொண்டு வர வேண்டும் என்று இல்லையே! அம்மாவைக் கேட்டால் அவரே வந்திருப்பார். நாத்தனார் மகளைக் கூட்டி வந்தவருக்கு நாத்தனாரைக் கூட்டி வரத் தோன்றவில்லை, நமக்கும் கேட்கத் தோன்றவில்லை. இப்போது அந்த அம்மாதான் அந்த யூனிட்டில் வேலை செய்கிறார். பிள்ளையைத் தலைமை ஆசிரியையிடம் பேசிப் பள்ளியில் சேர்த்தோம். பத்தாவது படிக்கிறாள். அந்த விரலில் நகம் வளரவில்லை, பேனாவை நடுவிரலில் வைத்துப் பிடித்து எழுதப் பழகிவிட்டாள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டு மேற்படிப்பு போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. உங்கள் ஊரிலும் தெரியாத வீடுகள் இருக்கும்.

அடையாளம் பார்ப்பது எப்படி?

ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் ஸ்மார்ட் கார்டு, ஓட்டுநர் உரிமம் இவற்றில் இரண்டை வாங்கிப் பாருங்கள். ஜெராக்ஸ் போதாது, ஒரிஜினலைக் கையில் வாங்கிப் போட்டோவையும் ஆளையும் பார்க்க வேண்டும். ஆதாரில் உள்ள கியூஆர் கோடை ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால் பெயரும் போட்டோவும் வரும். அட்டையில் அச்சடித்திருப்பதும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கலாம். கணக்காளர் போனில் செய்துவிடலாம், ஒரு நிமிட வேலை.

ஒரு அட்டையில் செல்வி, இன்னொன்றில் தமிழ்ச்செல்வி என்று இருக்கும். ஒன்றில் அப்பா இனிஷியல், ஒன்றில் வீட்டுக்காரர் இனிஷியல். இதற்காக ஆளைத் திருப்பி அனுப்பாதீர்கள். நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கிறது. வங்கிக் கணக்கில் சம்பளம் போடும்போதும் பி.எஃப். பிடிக்கும்போதும் சிக்கல் வரும் என்று எடுத்துச் சொல்லி, திருத்தத்துக்கு வழிகாட்டுங்கள். ஆதாரே இல்லை, வேறு அட்டை இருக்கிறது என்றால் அதை வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜெராக்ஸ் வாங்கும்போது அதன் குறுக்கே "இன்ன யூனிட் வேலைப் பதிவுக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதி, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதைப் போட்டோ எடுத்துக் குழு வாட்ஸ்அப்பில் போடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. தயவுசெய்து வேண்டாம். அது எங்கெங்கே போகும் என்று நமக்குத் தெரியாது. அந்த எண்ணை வைத்து வேறு யாராவது கடன் வாங்கப் பார்த்தால் பாதிக்கப்படுவது அந்தப் பெண்தான்.

ஒரு யூனிட் ஃபைலில் சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸும் இருந்தது. எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டோம். யாரும் பதில் சொல்லவில்லை. மிளகாய் அரைக்கச் சாதி எதற்கு? அதையும், கல்யாணம் ஆனதா, மாசமாக இருக்கிறாயா போன்ற கேள்விகளையும் நம் விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிட்டோம்.

ஒரிஜினலை வாங்கி வைக்காதீர்கள்

"முன்பணம் வாங்கிட்டு ஓடிட்டா என்ன பண்றது? அதுக்குத்தான் மார்க் ஷீட்ட வாங்கி வெச்சோம்" என்று ஒரு குழுவில் சொன்னார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் கோபமாகவே பேசினோம், மன்னிக்கவும். நம் பிள்ளைகளுக்கு நடந்தது நமக்கே மறந்துவிட்டதா? மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்று சொல்லி நூற்பாலைகளுக்கு ஆள் சேர்த்த காலத்தில், எத்தனை வீட்டுப் பிள்ளைகளின் மார்க் ஷீட்டுகள் மில்லில் மாட்டிக்கொண்டன? உடம்பு முடியாமல் பாதியில் வந்த பிள்ளைகள் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்க முடியாமல் மேலே படிக்காமலே நின்றார்கள். அதே வேலையை நாம் செய்யலாமா?

சட்டப்படியும் இது ஆபத்து. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையை விட்டுப் போக முடியாமல் பிடித்து வைப்பது கொத்தடிமை முறை. 1976 சட்டத்தில் அதற்கு மூன்று வருடம் வரை சிறை உண்டு. பார்க்க வேண்டும், எழுதிக்கொள்ள வேண்டும், அந்த இடத்திலேயே அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

உங்கள் மகளோ மகனோ வேலைக்குப் போகும்போதும் இதையே கேளுங்கள். கூட்டிப் போக வரும் ஏஜெண்டின் அடையாள அட்டையை நாம் கேட்கலாம், அவருக்கு அதில் கோபம் வந்தால் யோசிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

சில வேலைகளுக்குத் தனிச் சான்று

லோடு ஆட்டோ ஓட்ட வருபவரிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா, அந்த வகை வண்டிக்கு உரியதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் பணம் நமக்குக் கைகொடுக்காது. தின்பண்டம், மசாலா, ஊறுகாய் போடும் யூனிட்டில் உணவைக் கையாளும் எல்லோரும் வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்து சான்று வைத்திருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. உறுப்பினர்களுக்கும் இது பொருந்தும். காலை உணவுத் திட்டத்தில் சமைக்கும் நம் சகோதரிகளைக் கேளுங்கள், அந்த ஊரில்தான் குடியிருக்கிறாரா, குழுவில் இருக்கிறாரா, பிள்ளை அதே பள்ளியில் படிக்கிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் சேர்த்தார்கள். நம்மைச் சரிபார்த்தபோது யாரும் அவமானமாக நினைக்கவில்லையே.

வெளிமாநிலத்தவர் வந்தால்

தென்னை நார் யூனிட் நடத்தும் குழுவினர் கேட்ட கேள்வி இது. ஒடிசாவிலிருந்து புருஷன், பெண்டாட்டி, இரண்டு வயதுக் குழந்தை என்று ஒரு குடும்பம் வேலை கேட்டு வந்திருக்கிறது. "இவங்களுக்கு ஏதாச்சும் பர்மிட் வேணுமா? போலீஸ்ல வம்பு வருமா?" என்று கேட்டார்கள்.

இந்தியக் குடிமக்கள் எந்த மாநிலத்திலும் போய்த் தங்கி வேலை செய்யலாம். அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. பர்மிட் எதுவும் கிடையாது. உள்ளூர் ஆளிடம் கேட்கும் அதே அட்டைகளை அவரிடமும் கேளுங்கள், கூடுதலாக ஒன்றும் வேண்டாம். நேபாள நாட்டவர்களும், 1950-ல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, விசா இல்லாமலே இங்கே தங்கி வேலை பார்க்கலாம். அடையாள அட்டை மட்டும் பாருங்கள். மற்ற வெளிநாட்டவர் என்றால் வேலை செய்ய அனுமதிக்கும் விசா வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை. வங்காளி பேசுகிறார் என்பதால் அவர் வங்கதேசத்துக்காரர் ஆகிவிட மாட்டார். மேற்கு வங்காளத்திலும் திரிபுராவிலும் அதுதான் தாய்மொழி. சந்தேகம் இருந்தால் நாமே தீர்ப்பு சொல்லாமல் எங்களைக் கூப்பிடுங்கள், சேர்ந்து போய் உரிய அலுவலகத்தில் கேட்போம். 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியபோது, பயந்துபோய் எத்தனை பேர் ரயில் ஏறினார்கள் என்று பார்த்தோம்.

அந்த ஒடிசா குடும்பத்தின் ரேஷன் கார்டைப் பார்த்தபோதுதான் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. அவர்களுடைய அரிசியை நம் ஊர் ரேஷன் கடையிலேயே வாங்கலாம் என்பது அவர்களுக்கும் தெரியாது, நம் அக்காமார்களுக்கும் தெரியாது. இப்போது வாங்குகிறார்கள். குழந்தை அங்கன்வாடிக்குப் போகிறது. நாலு மாதத்தில் "அத்தை, முட்டை" என்று தமிழில் கேட்கிறதாம்.

பதிவேடும் வேலைத் தாளும்

ஆளைச் சேர்த்த அன்றே பதிவேட்டில் எழுத வேண்டியவை: பெயர், முகவரி, பிறந்த தேதி, எந்தச் சான்றைப் பார்த்து அந்தத் தேதியை எழுதினோம், அடையாள அட்டையின் வகையும் கடைசி நான்கு எண்களும், என்ன வேலை, என்ன சம்பளம், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் போன் நம்பர். பார்த்தவர் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒருவர் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. மேலே சொன்ன சம்பவத்துக்குப் பிறகு சேர்த்த விதி இது.

வேலைக்கு வந்தவர் கையிலும் ஒரு தாள் கொடுங்கள். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. நம் யூனிட்டுகளில் பெரும்பாலும் ஐந்து பேர், ஆறு பேர்தான். இருந்தாலும் கொடுங்கள். சம்பளம் இவ்வளவு, வேலை நேரம் இது, வார விடுமுறை இந்த நாள் என்று தமிழில் அரைப் பக்கம் போதும். ஃபைலில் அவர் கொடுத்த காகிதம் இருக்கும்போது, அவர் வீட்டில் நாம் கொடுத்த காகிதமும் இருக்கட்டும். 16 முதல் 59 வயதுக்குள் இருந்து, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாதவர் என்றால் இ-சேவை மையத்தில் இ-ஷ்ரம் பதிவும் செய்யச் சொல்லுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

நம் யூனிட்டில் இப்போது இருப்பவர்களில் யார் யாருக்கு வயதுச் சான்று பார்த்திருக்கிறோம்? யாருடைய ஒரிஜினலாவது நம் பெட்டியில் இருக்கிறதா? இருந்தால் எந்தத் தேதியில் திருப்பிக் கொடுக்கப் போகிறோம்? உறுப்பினரின் சொந்தக்காரரிடம் சான்று கேட்பது யார் பொறுப்பு? "நம்ம புள்ளதான" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் என்ன பதில் சொல்வது? கடைசிக் கேள்வியை இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்து நடித்தே பாருங்கள். ஒரு குழுவில் அப்படிச் செய்தபோது மாமியாரும் மருமகளும் மாட்டிக்கொண்டு, மருமகள் கேட்ட கேள்வியில் கூட்டமே சிரித்துவிட்டது. ஆனாலும் மாமியார் எழுந்து போய் டி.சி.யை எடுத்து வந்தார்.

பதிவேட்டு மாதிரியும் வேலைத் தாள் மாதிரியும் கூட்டமைப்பு அலுவலகத்தில் அச்சடித்து வைத்திருக்கிறோம். பிரதிநிதிகள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது குழுவின் முத்திரையோடு வந்து வாங்கிச் செல்லவும். யூனிட் நடத்தும் குழுவினர் தீர்மான நோட்டையும் கொண்டு வரவும்.